கோபம் இரத்தத்தில் ஊறியதா?

“அவர் பிறவியிலேயே கோபக்காரர், நாம்தான் பொறுத்துப்போக வேண்டும்.” “தகப்பன் இரத்தம் பிள்ளையின் உடம்பில் ஓடாமலா போகும்?” நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொற்கள் இவை. சொல்வோர் பெரும்பாலும் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆற்றாமையினால் சிலரும், ஆறுதல் கூறும் நோக்கத்தோடு சிலரும் சொல்கின்றனர். ஆயினும் இச்சொற்களில் இரண்டு தீர்ப்புகள் மறைந்திருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முதற் சொல், மனைவிமீது கை ஓங்குகிற கணவனை விடுதலை செய்கின்றது. இரண்டாவது சொல், இன்னும் ஒரு குற்றமும் செய்யாத சிறுவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றது. இரு தீர்ப்புகளுக்கும் சாட்சியாக அழைக்கப்படுவது இரத்தமே.

முன்னோர் இரத்தம் என்று கூறியதைப் படித்தோர் இன்று மரபணு என்றும், ஹார்மோன் என்றும், மூளையின் அமைப்பு என்றும் கூறுகின்றனர். சொல் மாறினாலும் தீர்ப்பு மாறவில்லை. அறிவியலே சொல்லிவிட்டது என்ற எண்ணம் சேர்ந்துகொள்வதால், அத்தீர்ப்பு முன்னிலும் உறுதியாகிவிடுகின்றது. எனவே, மனிதனின் மூர்க்கத்தைப் பற்றி உயிரியலாரும் உளவியலாரும் ஆராய்ந்து கண்டது யாது என்பதை இம்மாதம் சற்று நிதானமாக நோக்குவோம். உண்மைக்கு உண்மை ஒருநாளும் பகையாகாது; ஆதலின் விசுவாசிகளாகிய நாம் இவ்வாராய்ச்சிகளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

மண்டையோட்டில் தேடிய குற்றம்

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் செசாரே லொம்ப்ரோசோ என்னும் மருத்துவர் வாழ்ந்தார். வில்லெல்லா என்ற கொள்ளையனின் மண்டையோட்டை அவர் ஆராய்ந்தபோது, அதன் பின்புறத்தில் வழக்கத்திற்கு மாறான ஒரு பள்ளத்தைக் கண்டார். விலங்குகளின் மண்டையோட்டில் காணப்படும் பள்ளத்தை அது ஒத்திருந்ததாக அவருக்குத் தோன்றியது. குற்றவாளி என்பவன் மனித வளர்ச்சியில் பின்தங்கிப் பிறந்தவன். அவன் குற்றம் செய்யக் கற்றவனல்லன், குற்றவாளியாகவே பிறந்தவன் என்று அவர் முடிவு கட்டினார். 1876-ஆம் ஆண்டில் இக்கொள்கையை நூலாக வெளியிட்டார். பெருந்தாடை, நீண்ட கைகள், வேறுபட்ட காதுகள் ஆகியவை பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் எனப் பட்டியலிட்டார். அதே ஆண்டில் தூரின் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்நகரின் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அங்குத் திரும்பி வருவோம்.

அவருடைய கொள்கை ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆனால் ஆங்கில நாட்டுச் சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங், 3,000-க்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து, குற்றம் செய்யாத மக்களின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குற்றவாளிகளுக்கென்று தனியான உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-இல் அவர் வெளியிட்ட நூல் காட்டியது. லொம்ப்ரோசோவும் தம் பிற்கால நூல்களில் வறுமை போன்ற சமூகக் காரணங்களுக்கும் இடமளித்தார்.

பிறப்பிலேயே குற்றம் உண்டு என்னும் எண்ணம் ஏட்டளவில் நின்றிருந்தால் தீங்கு குறைவாக இருந்திருக்கும். லொம்ப்ரோசோவின் நூல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871-இல், ஆங்கிலேய ஆட்சி நம் நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியிருந்தது. குற்றம் சில மக்களுக்குப் பரம்பரைத் தொழில் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறிப்பிட்ட சில சமூகங்களைச் சேர்ந்தோர், எக்குற்றமும் செய்யாதிருப்பினும், பிறந்த காரணத்திற்காகவே கைரேகை பதிக்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில், இப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பல பறிபோயின. சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதிலும் 1952-இலும் அச்சட்டம் நீங்கியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து “இது இப்படித்தான் ஆகும்” என்று சொல்லும் வாய்க்கு அரசதிகாரம் கிடைத்தால் என்ன நேரும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

நிரம்பி வழியும் பானையா?

மற்றொரு விளக்கம் விலங்கியலாரிடமிருந்து வந்தது. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரென்ஸ், மீன்களையும் வாத்துகளையும் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கியவர். 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 1963-இல் வெளியிட்ட நூலில், சண்டையிடும் உந்துதல் பசியைப் போன்றதோர் இயல்பூக்கம் என்றார். அது பானையில் நீர் நிறைவதுபோல உள்ளே நிறைந்துகொண்டே வரும். அவ்வப்போது வெளியேற வழி வேண்டும். இல்லையேல் வழிந்துவிடும் என்பது அவர் கருத்து. விளையாட்டுப் போட்டிகள் அத்தகைய வடிகால்கள் என்றும் அவர் எழுதினார்.

“கோபத்தை அடக்கக் கூடாது, கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் ஆறிவிடும்” என்று பலர் கூறுவது இந்தப் பானைக் கருத்தின் எதிரொலியே. ஆயின், இது உண்மைதானா? அமெரிக்க உளவியலார் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவ மாணவியரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2002-இல் வெளிவந்தது. முதலில் அவர்களுக்குச் சினம் மூட்டப்பட்டது. பின்னர்ச் சிலர், தம்மைச் சினமூட்டியவரை எண்ணிக்கொண்டே குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையை ஓங்கிக் குத்தினர். வேறு சிலர், உடற்பயிற்சியை எண்ணிக்கொண்டு குத்தினர். இன்னும் சிலர், இரண்டு நிமிடங்கள் வெறுமனே அமைதியாக அமர்ந்திருந்தனர். சினமூட்டியவரை எண்ணிக் குத்தியோருக்கே சினம் மிகுந்தது. சும்மா அமர்ந்திருந்தவர்களே பழிவாங்கும் எண்ணத்தில் குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். கொட்டக் கொட்டக் கோபம் குறைவதில்லை. ஊட்ட ஊட்ட வளர்கின்றது. திருவள்ளுவர் வெகுளாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது வீணன்று.

மூளையும் கடிவாளமும்

அவ்வாறெனில் உடலுக்கும் சினத்திற்கும் தொடர்பே இல்லையா? உண்டு, மறுப்பதற்கில்லை. நம் மூளையின் உட்பகுதியில், வாதுமைப் பருப்பு வடிவில், அமிக்டலா எனப்படும் சிறு உறுப்பு இடத்திற்கொன்றும் வலத்திற்கொன்றுமாக அமைந்துள்ளது. ஆபத்தையும் அவமதிப்பையும் கணப்பொழுதில் உணர்ந்து, இதயத்தைப் படபடக்கச் செய்து, உடலைச் சண்டைக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தப்படுத்துவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியோ, “பொறு, விளைவை எண்ணிப் பார்” என்று கடிவாளம் இடுகின்றது.

அக்கடிவாளம் அறுந்தால் நேருவதை உலகிற்கு உணர்த்தியவர் பினியாஸ் கேஜ். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் இருப்புப்பாதைப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தவர். 1848 செப்டம்பர் 13-ஆம் நாள், பாறையைப் பிளக்க வெடிமருந்து திணித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்தது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமும், ஏறத்தாழ 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. வியப்புக்குரிய வகையில் அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் உள்ளவராயிருந்த அவர், வாய்க்கு வந்ததைப் பேசுபவராகவும் நிலைகொள்ளாதவராகவும் மாறினார் என்று அவருக்கு மருத்துவம் செய்த டாக்டர் ஹார்லோ எழுதினார். இவ்வரலாற்றை எடுத்துரைப்போர் பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். கேஜ் பின்னர்ச் சிலி நாட்டிற்குச் சென்று, பல ஆண்டுகள் பயணிகளின் குதிரை வண்டியை ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒழுங்கான வேலையும் நாள்தோறும் மாறாத கடமையும் அவரை ஓரளவு நிமிர்த்தியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். உடைந்த மூளைக்கும் கதவு முற்றிலும் அடைபடவில்லை.

பெற்றோர் அறிய வேண்டிய செய்தியொன்றும் இங்குண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள இப்பகுதி, இருபது வயதைக் கடந்து மேலும் சில ஆண்டுகள் சென்ற பின்னரே முழு வளர்ச்சி அடைகின்றது. பதினைந்து வயதுப் பையன் வெடுக்கெனப் பேசிவிட்டுப் பின்னர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அவனுக்குக் கடிவாளம் இன்னும் முழுமையாகப் பின்னப்படவில்லை. அதுவரை அவனுக்குக் கடிவாளமாக இருக்க வேண்டியவர்கள் பெற்றோரே. பெற்றோருக்கே கடிவாளம் இல்லையெனில் பிள்ளை எங்கே கற்பான்? மதுவும் முதலில் தளர்த்துவது இக்கடிவாளத்தையே. “குடித்தால் மட்டுந்தான் அடிப்பார், மற்றபடி தங்கமான மனிதர்” என்ற சொல்லில் உயிரியல் உண்மை உண்டு. ஆனால் குவளையை எடுத்த கை, கடிவாளம் அறுபடுவதற்கு முன் எடுத்த கை என்பதையும் மறத்தலாகாது.

ஹார்மோனின் கதை

காயடிக்கப்பட்ட காளை சாந்தமடைவதை உழவர் பெருமக்கள் அறிவர். ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் குறைவதே அதற்குக் காரணம். இதிலிருந்து, ஆணின் முரட்டுத்தனம் அனைத்திற்கும் அந்த ஹார்மோனே வித்து என்று முடிவு கட்டுவது எளிது. மனிதரிடையே நடந்த ஆய்வுகளோ, இத்தொடர்பு மிக மெல்லியது என்று காட்டுகின்றன.

சுவிட்சர்லாந்தில் சூரிக் நகர ஆய்வாளர்கள் ஏறத்தாழ 120 பெண்களுக்கு ஒரு மருந்து கொடுத்தனர். சிலருக்கு உண்மையான டெஸ்டோஸ்டீரோன். மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. பின்னர், ஒரு தொகையை மற்றொருவரோடு பங்கிட்டுக்கொள்ளும் விளையாட்டில் ஈடுபடுத்தினர். ஹார்மோன் பெற்ற பெண்கள் பேராசையோடும் சண்டைக் குணத்தோடும் நடந்துகொள்ளவில்லை. அதிக நேர்மையோடு பங்கிட முன்வந்தனர். ஆனால், எதை உட்கொண்டிருப்பினும், “எனக்குக் கொடுக்கப்பட்டது ஆண் ஹார்மோன்தான்” என்று நம்பிய பெண்கள் நேர்மை குறைந்து நடந்துகொண்டனர். நேச்சர் என்ற புகழ்பெற்ற அறிவியல் இதழில் 2010-இல் வெளியான முடிவு இது.

ஹார்மோன் செய்யாத தீங்கை, ஹார்மோனைப் பற்றிய நம்பிக்கை செய்தது. “என் இரத்தமே அப்படி” என்று நம்புகிறவன், அந்த நம்பிக்கையினாலேயே அப்படி ஆகின்றான். நம் இல்லங்களில் நாம் விளையாட்டாகச் சொல்லும் சொற்களின் வலிமையை இதனினும் தெளிவாக எதுவும் காட்ட இயலாது.

மரபணு சொல்வதும் சொல்லாததும்

1965-இல் ஸ்காட்லாந்தில் பட்ரீசியா ஜேக்கப்சும் அவருடைய துணைவர்களும், வன்முறை இயல்புடைய மனநோயாளிகளைக் காவலில் வைத்திருந்த மருத்துவமனையொன்றில் 197 ஆண்களைச் சோதித்தனர். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று என இரண்டு பால் குரோமோசோம்கள் இருப்பதே வழக்கம். அங்கே ஏழு பேருக்கு ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தது. பொது மக்களிடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்களுள் ஒருவருக்கே இவ்வாறிருக்கும். கொலைக்குரிய குரோமோசோம் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் முழங்கின. 1966-இல் சிக்காகோ நகரில் எட்டு இளம் செவிலியரைக் கொன்றவனுக்கும் கூடுதல் ஒய் உண்டு என்று எழுதினர். சோதித்துப் பார்த்தபோது அவனுக்கு அது இல்லை. 1976-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் உயரமான 4,139 ஆண்களைச் சோதித்ததில் 12 பேருக்குக் கூடுதல் ஒய் காணப்பட்டது. அவர்களுள் சிலர் தண்டனை பெற்றிருந்தனர். ஆனால் பெரும்பாலும் சிறு திருட்டுகளுக்காகவே. அவர்கள் மூர்க்கர்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. காவலில் அடைபட்டோரை மட்டும் எண்ணிப் பார்த்ததால் நேர்ந்த பிழை, வெளியே வாழ்வோரையும் எண்ணியபோது வெளிப்பட்டது.

பின்னர் 1993-இல் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ஹான் புருன்னர், ஒரு குடும்பத்தின் ஆண்கள் பலரிடம் திடீர் ஆத்திரமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் தொடர்ந்து வருவதை ஆராய்ந்தார். மூளையின் சில இரசாயனப் பொருள்களைச் சிதைத்துச் சமன்படுத்தும் மோனோ அமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதி அவர்களுக்கு அறவே இல்லை. அதற்குரிய மரபணு பழுதுபட்டிருந்தது. இஃது உலகில் மிக அரிதாகக் காணப்படும் நோய். ஆனால் அதே மரபணுவின் வேறொரு வகை, நொதியைச் சற்றுக் குறைவாகச் சுரக்கச் செய்வது, அரியதன்று. ஐரோப்பிய வழிவந்த ஆண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் அது உண்டு. இதற்குப் போர்வீர மரபணு என்று செய்தியாளர் பெயர் சூட்டினர். மூன்றில் ஒருவர் கொலைகாரராக இல்லை என்பதை அவர்கள் எண்ணவில்லை போலும்.

இவ்வகையைப் பற்றிய மிக இன்றியமையாத ஆய்வு நியூசிலாந்தின் டனீடின் நகரில் நடந்தது. 1972, 1973-ஆம் ஆண்டுகளில் அந்நகரில் பிறந்த 1,037 பிள்ளைகளைச் சிறுவயது முதல் தொடர்ந்து கண்காணித்து வந்த ஆய்வு அது. அவர்கள் 26 வயதை எட்டிய பின், அவ்சலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் முதலிய உளவியலார் 2002-இல் தம் முடிவை வெளியிட்டனர். குறைந்த நொதி வகையைப் பெற்றிருந்தும், அன்புடன் வளர்க்கப்பட்ட ஆண் பிள்ளைகள் மற்றவர்களைவிட மூர்க்கராக வளரவில்லை. அதே வகையைப் பெற்று, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்கள் அவ்வூர் ஆண்களுள் 12 விழுக்காட்டினரே. வன்செயல் குற்றத்திற்கான தண்டனைகளிலோ அவர்கள் பங்கு 44 விழுக்காடு. பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவான தொடர்பைக் காட்டவில்லை. ஆனால் சிறுவயதுக் கொடுமை, எந்த மரபணு வகையைப் பெற்ற பிள்ளைக்கும் தீங்கே என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடில்லை.

வாசக அன்பர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். “தகப்பன் இரத்தம்” என்று சொல்லிச் சொல்லி ஒரு சிறுவனை அடித்து வளர்க்கும் குடும்பம், இரத்தத்தில் இல்லாததைக் கையினால் ஊட்டுகின்றது. இரத்தத்தில் ஏதேனும் சாய்வு இருந்ததெனின், அதைத் தட்டி எழுப்புகின்றது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மரபணு செல்வது உண்மையே. ஆனால் தகப்பனின் கைப்பிரம்பும் மகனுக்குச் செல்கின்றது. முன்னதைத் தடுக்க நம்மால் இயலாது. பின்னதைத் தடுக்க இயலும்.

நீதிமன்றமும் மனச்சான்றும்

2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், கொலைக் குற்றவாளி ஒருவனின் மேல்முறையீட்டை விசாரித்த நீதிமன்றம், அவன் மரபணுக்களையும் மனநிலையையும் காட்டிய மருத்துவச் சான்றுகளை ஏற்று, தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. அது சரியா, தவறா என்று அறிஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. முன்பே 1986-இல், ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய பல நாட்டு அறிவியலார், வன்செயலும் போரும் மனிதனின் மரபணுக்களில் விதியாக எழுதப்பட்டவை என்று சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாதது என அறிக்கை விடுத்திருந்தனர். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 1989-இல் அதை ஏற்றுக்கொண்டது.

திருச்சபையின் போதனை இங்கே சமநிலை உடையது. சினம் எழும்போது உடலும் மாறுகின்றது என்பதைப் புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். சினம் எழுவதே பாவம் என்று அவர் சொல்லவில்லை. அறிவு உணர்ச்சிகளை ஆள்வது, எசமானன் அடிமைகளை ஆள்வது போன்றதன்று. எதிர்த்துப் பேசும் உரிமையுள்ள குடிமக்களை அரசன் ஆள்வது போன்றது என்று அவர் விளக்குகின்றார். குடிமக்கள் கலகம் செய்வர். எனினும் அரசன் அரசனே. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1735-ஆம் பத்தியில், அறியாமை, அச்சம், பழக்கம், உளநிலைக் காரணங்கள் முதலியன ஒருவருடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் நீக்கவும் கூடும் என்று ஒப்புக்கொள்கின்றது. எனவே உண்மையிலேயே நோயுற்றவனைப் பாவி என்று தூற்றுவது கிறிஸ்தவ முறையன்று. ஆனால் நோயில்லாதவன் உடலைச் சாக்காக்கி மனச்சான்றை உறங்க வைப்பதும் கிறிஸ்தவ முறையன்று.

காயீனின் வரலாற்றை நாம் அறிவோம். அவன் முகம் சினத்தால் வாடியபோது, ஆண்டவர் அவனைக் கைவிடவில்லை. கொலை நிகழ்வதற்கு முன்பே அவனிடம் பேசினார். பாவம் வாயிலருகே பதுங்கியிருப்பதாகவும், அதை அவன் அடக்கியாள வேண்டும் என்றும் எச்சரித்தார். அடக்க இயலாதவனுக்கு எவரும் அத்தகைய எச்சரிக்கை விடுப்பதில்லை. செபதேயுவின் மக்களாகிய யாக்கோபுக்கும் யோவானுக்கும் ஆண்டவர் இடியின் மக்கள் என்றே பெயரிட்டார். சமாரியர் ஊரொன்று தங்களை ஏற்காதபோது, வானத்திலிருந்து தீயை வரவழைக்கத் துடித்தவர்கள் அவர்கள். அவ்விருவரையும் இயேசு கடிந்துகொண்டார், ஆனால் துரத்திவிடவில்லை. பின்னாளில் அன்பின் திருத்தூதர் எனப் போற்றப்பட்டவர் இந்த யோவானே.

இனித் தூரின் நகருக்குத் திரும்புவோம். லொம்ப்ரோசோ பேராசிரியராக அமர்ந்து, குற்றவாளிகளின் மண்டையோடுகளைச் சேகரித்த அதே நகரில், அதே ஆண்டுகளில், குரு ஒருவர் தெருச் சிறுவர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவரே புனித ஜான் போஸ்கோ. அவர் 1841 முதலே சிறையிலிருந்த இளைஞர்களைச் சந்தித்தும், வேலையும் வீடும் இன்றித் திரிந்தவர்களைத் தம்மிடம் அழைத்தும் வந்தார். அவரும் இயல்பிலே சூடான குணம் உடையவர்தாம். ஒன்பது வயதில் கண்ட கனவில், தீய சொல் பேசிய சிறுவர்களைத் தாம் கையால் குத்தி அடக்க முயன்றதாகவும், அடிகளால் அன்று, சாந்தத்தால் அவர்களை வெல்ல வேண்டும் என்ற அறிவுரை கிடைத்ததாகவும் அவரே எழுதியுள்ளார். 1877-இல் அவர் வெளியிட்ட தடுப்புமுறைக் கல்வி, அறிவு, சமயம், பரிவு ஆகிய மூன்றின்மீது நின்றது. அடிக்கு அங்கே இடமில்லை. ஒருவர் மண்டையோட்டைப் பார்த்து “இவன் இப்படிப் பிறந்தவன்” என்றார். மற்றவர் முகத்தைப் பார்த்து “இவனுக்கு ஒருவர் வேண்டும்” என்றார். லொம்ப்ரோசோவின் மண்டையோடுகள் இன்று தூரின் நகரக் காட்சிச்சாலையில் இருக்கின்றன. ஜான் போஸ்கோவின் சிறுவர் இல்லங்களும் பள்ளிகளும் இன்று உலகெங்கும் இருக்கின்றன.

நம் இல்லத்திற்கு

இவ்வளவும் அறிந்த பின் நாம் செய்ய வேண்டுவன யாவை? முதலாவதாக, “பிறவிக் கோபக்காரன்” என்னும் பெயரை வீட்டில் எவருக்கும் சூட்டாதிருப்போம், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. நம்பிக்கையே குணமாக மாறுவதைக் கண்டோம்.

இரண்டாவதாக, அமைதியாயிருந்த ஒருவர் தலையில் அடிபட்ட பின்போ, நோயுற்ற பின்போ, காரணமின்றி மூர்க்கராக மாறினால், அதைப் பேய் என்றோ விதி என்றோ கொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். குடிக்கு அடிமையானவருக்கும் மருத்துவ உதவி உண்டு. செபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாவதாக, சினம் மூளும்போது எதிரே நின்று கொட்டித் தீர்க்காமல், சிறிது நேரம் விலகி அமர்ந்து பழகுவோம். இரண்டு நிமிட அமைதியின் பயனைச் சோதனையே காட்டியது. பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று புனித பவுல் எபேசியருக்கு எழுதியதை, இல்லத்தின் ஒழுங்காகவே வைத்துக்கொள்ளலாம். மாலைச் செபமாலைக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் குடும்பத்தில், பிள்ளைகள் கடிவாளத்தின் பயனைக் கண்ணால் காண்கின்றனர்.

நான்காவதாக, அடிபடும் மனைவியிடம், “அவர் குணம் அப்படி, சிலுவை என்று சுமந்துகொள்” என்று இனிச் சொல்லாதிருப்போம். சிலுவை சுமப்பது வேறு. பிறர் பாவத்திற்குத் துணைபோவது வேறு. உடலுக்கோ ஆன்மாவிற்கோ பேராபத்து நேரும்போது துணைவர் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் விதி இடமளிக்கின்றது. சில வேளைகளில் அப்பிரிவு கடமையாகவும் ஆகலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி விடுத்த திருத்தூது அறிவுரை மடலில் நினைவூட்டினார். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அத்தகைய பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. பங்குத் தந்தையரும் அன்பியத் தலைவர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

கோபம் நம் உடலில் எழுகின்றது என்பது உண்மை. அது எங்கே செல்ல வேண்டும் என்பதை உடல் தீர்மானிப்பதில்லை. இறைவன் நமக்களித்த அறிவும், அவர் அருளும், நம் இல்லத்தின் பழக்கமும் தீர்மானிக்கின்றன. ஆகவே, இன்று உங்கள் மகன் தட்டை வீசி எறிந்தால், “அப்பனைப் போலவே” என்று சொல்லிவிடாதீர்கள். தட்டை அவனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவன் சினம் ஆறியபின் அருகில் அமர்த்தி, “உன்னால் இதை அடக்க முடியும்” என்று சொல்லுங்கள். அது வெறும் ஆறுதல் அன்று. காயீனுக்கும் ஆண்டவர் சொன்ன உண்மை.